எண்ணெய் விடாத சட்டி

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது என் இளைய மகள் பெனிட்டா, போன குருத்தோலை ஞாயிறு அன்று சாயந்தரம். கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலையைக் கீறி நான் சிலுவை முடைந்துகொண்டிருந்தேன், அவள் எனக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்து நான் கிழித்துப் போட்ட நாரையெல்லாம் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள், சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது இவள் ஏதோ சொல்ல வருகிறாள் என்று. மாதாவே, உனக்குத் தெரியாதது இல்லை, நீயும் அடுப்புக்கு மேலே இந்தப் படத்தில் இருந்துகொண்டுதான் இருந்தாய், ஆனாலும் சொல்கிறேன், சொல்லிக்கொண்டே இருந்தால்தான் மீன் கழுவ முடிகிறது. ஜெபம் படிக்கும்போது உம்மை, உமக்கு என்று வாயில் வருகிறது, அடுப்படியில் நின்றால் நீ என்றுதான் வருகிறது, பொறுத்துக்கொள். பெனிட்டா சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள், ரத்தத்திலும் சதையிலும் உள்ள கொழுப்பை வகைவகையாகப் பிரித்து எடைபோடுகிற மிஷினை அவள்தான் ஓட்டுகிறாள். எட்டாவதோடு நின்றுபோன எனக்குப் புரிய வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. "எம்மா, அப்பாக்கு மூத்திரப் பைக்குக் கீழ நெல்லிக்கா மாதிரி ஒரு சுரப்பி, புராஸ்டேட்டுன்னு டாக்டர் சொன்னாருல்லா, அதுல உள்ள செல்லுதான் கெட்டுப்போயிருக்கு. கெட்டுப்போன செல்லு செய்யிற வேலைல ஒண்ணு, தன்னோட கொழுப்ப மாத்திக்கிடும்." செல்லுக்கு ஏது மக்ளே கொழுப்பு, அது என்ன ஆட்டுக்கிடாவா என்று கேட்டேன். சிரித்தாள். சிரித்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஒவ்வொரு செல்லுக்கும் சுத்தித் தோலு மாதிரி ஒண்ணு இருக்கும்மா, அதுவே கொழுப்புதான். நல்ல செல்லு நாம சாப்பிடுததுல இருந்து, ரத்தத்துல மிதந்து வாறதுல இருந்து வாங்கிக்கிடும். கெட்டது அப்படிக் காத்துக்கிட்டு கெடக்காது. தானே செய்ய ஆரம்பிச்சிரும். அதுவும் எளகுன கொழுப்பு இல்ல, எறுகுன கொழுப்பு. மார்கழி மாசம் அப்பா யார்டுல பாமாயில் உறைஞ்சு போவும்லா, அந்த மாதிரி." அவள் எனக்கு விளங்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னாள். எனக்கு விளங்கினதோ வேறு. துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்குகிற பாமாயிலைச் சேர்த்து வைக்கும் தொட்டிகளில்தான் அவருக்குக் காலமெல்லாம் வேலை, உறைந்து கிடக்கிற எண்ணெய்க்குள் ஓடுகிற குழாயில் நீராவி விட்டு இளக்கி லாரிக்கு ஏற்றிவிடுவார், வீட்டுக்கு வந்தால் சட்டையில் அந்த வாடை, தலைமுடியில் அந்த வாடை, தலையணை உறையை நான் வெந்நீரில் போட்டுத்தான் துவைப்பேன். அவர் இளக்கி இளக்கி அனுப்பினதெல்லாம் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து அவருக்குள்ளேயே உறைந்துவிட்டதா என்று ஓடிற்று எனக்கு. அப்படியெல்லாம் இல்லம்மா, வேலைக்கும் இதுக்கும் நீயா முடிச்சுப் போடாத என்று அவள் சொன்னதும் காதில் விழுந்தது. விழுந்து என்ன.

அதற்கு மேலும் சொன்னாள். இளகின கொழுப்பு சீக்கிரம் காறிப்போகும், மீனெண்ணெய் காறி வாடை அடிக்கிற மாதிரி, சில மருந்து உள்ளே போய் செல்லைக் காற வைத்துத்தான் சாகடிக்கும், இறுகின கொழுப்பு லேசில் காறாது, அதனால் அது தாக்குப்பிடிக்கும், மிச்சத்தைத் துளித்துளியாக வயிற்றுக்குள் சேர்த்தும் வைத்துக்கொள்ளும் என்றாள். நான் தலையை ஆட்டினேன். தலை ஆடினதே தவிர மனசு கொழுப்பு என்ற அந்த ஒரு சொல்லிலேயே மாட்டிக்கொண்டு நின்றது, சேலை முந்தி ஆணியில் மாட்டினால் எவ்வளவு நடந்தாலும் அங்கேயேதானே நிற்போம். என் கையால்தானே தின்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் பொரித்த மீன், நான் சுட்ட பணியாரம், நான் குழம்பின் மேல் மிதக்க விட்ட எண்ணெய். புனித வெள்ளிக்குச் சிலுவையைக் குனிந்து முத்தமிட்டு முத்தி செய்யப் போகிற வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நீ கறுப்புச் சேலையில் வியாகுல மாதாவாக நின்றாய், உன் நெஞ்சில் குத்தியிருந்த வாளைப் பார்த்துக்கொண்டே நேர்ந்துகொண்டேன். அவர் ரத்தத்தில் நோய் எவ்வளவு என்று பார்க்கிற அந்தக் கணக்கு இறங்கி, இனிப் பயமில்லை என்று டாக்டர் வாயால் சொல்கிற வரைக்கும் என் வீட்டு அடுப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விழாது, தாயே. தவசு காலத்தில் வெள்ளிக்கிழமை கறி தொடாமல் சுத்தபோசனம் இருப்பதில்லையா, அதை நீட்டி நீட்டி வைத்தால் வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமை, அவ்வளவுதானே என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, நேர்ச்சையைச் சொல்லிக்கொண்டு திரிந்தால் பலிக்காது. ஈஸ்டர் வந்தது, தெருவே ஆட்டுக்கறி மணத்தது, நான் பூசணிக்காயை அவித்து வைத்தேன். அவர் வாய் சும்மா இருக்குமா. "ஏட்டி செலஸ்டி, ஆண்டவர் உயிர்த்து வாரம் ஒண்ணாச்சு, ஒன் கொழம்பு மட்டும் இன்னும் கல்லறைக்குள்ளயே கெடக்கே." இன்னொரு நாள் ரசத்தை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், "ஒரு எண்ணெய்க் கண்ணு கூட மெதக்கலயே, துணி அலசுன தண்ணியா?" என்றார். நான் அப்பளத்தைத் தணலில் சுட்டு வைத்தேன். ஆஸ்பத்திரியில் நோய்க்கு ஊசி போட்டு மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது கணக்கு நன்றாக இறங்கியிருந்தது, டாக்டர் ஊசி கேட்கிறது என்றார், நான் மனசுக்குள் ஊசியுமாச்சு ஊறுகாயுமாச்சு, மாதா கேட்டுவிட்டாள் என்று சிரித்துக்கொண்டேன். ஆவணியில் மறுபடி ஏறிற்று. ஐப்பசியில் இன்னும் ஏறிற்று. ஏன் ஏறிற்று, நான் எங்கே தவறினேன், கையில் எண்ணெய் ஒட்டியிருந்ததா, பக்கத்து வீட்டு லூர்து கொடுத்தனுப்பின கொழுக்கட்டையில் நெய் தடவியிருந்தாளா, அவர் கடற்கரை ரோட்டில் நடக்கப் போகிறேன் என்று போய் டீக்கடையில் வடை தின்றுவிட்டு வந்தாரா. வடைதான். வடையாகத்தான் இருக்கும். வந்ததும் அவர் சட்டையை மோந்து பார்ப்பேன், நான் இப்படி ஆகிவிட்டேன் பார், கட்டின புருஷன் சட்டையைத் திருடனைச் சோதிக்கிற மாதிரி.

இப்போது திருவருகைக் காலம், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு அடுப்பில் சட்டி ஏறிவிட்டது. லூர்து வீட்டில் அச்சு முறுக்கு, எதிர்வீட்டில் முந்திரிக்கொத்து, ஜன்னலைச் சாத்தினாலும் கதவிடுக்கு வழியாக அந்தச் சூடு வாசனை வந்து என் அடுப்படியில் சுற்றுகிறது, பசித்த நாய் மாதிரி சுற்றுகிறது, விரட்டினாலும் போகாது. குளியலறையில் அவர் இருக்கிறார். வெகுநேரமாய் இருக்கிறார். நான் குழாயை அடைத்துவிட்டுக் காதைக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் கதவைச் சாத்துவதற்குள் வெளியே வருகிற மனுஷன். இப்போது நின்று நின்று, சொட்டுச் சொட்டாய், நடுவில் ஒரு பெருமூச்சு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு மறுபடி. இதையெல்லாம் ஒரு பெண்பிள்ளை காதில் வாங்கலாமா, அதுவும் உன்னிடம் சொல்லலாமா, ஆனால் யாரிடம் சொல்வேன், நீயும் ஒரு வீட்டில் அடுப்பு எரித்தவள், புருஷனுக்குக் கஞ்சி வைத்தவள். சத்தம் வந்தால் ஒரு அருள் நிறைந்த மரியே, வராவிட்டால் இரண்டு சொல்கிறேன். காலையில் பெனிட்டா வீடியோவில் கூப்பிட்டாள், அப்பாவைக் காட்டு என்றாள், காட்டினேன், அவர் அவளிடம் "என்னட்டி மெட்ராஸ் துரச்சி, சாப்பிட்டியா" என்று சிரித்துப் பேசிவிட்டுப் போனதும் அவள் குரல் மாறிவிட்டது. "எம்மா, அப்பா கன்னம் எங்க போச்சு? என்ன குடுக்க நீ?" சோறுதான் கொடுக்கிறேன், கஞ்சி கொடுக்கிறேன், அவித்த காய், அவர்தான் தட்டை ஒதுக்கிவிடுகிறார் என்றேன். "நாளைக்கு ரத்தம் எடுக்கும்போது எடையும் பாப்பாங்க. இந்த ஊசி இப்ப கேக்கல, புது மாத்திர தரணும்னு சொல்லியிருக்காங்க. எடை இன்னும் கொறஞ்சிருந்தா ஆரம்பிக்க யோசிப்பாங்கம்மா, ஒடம்பு தாங்காதுன்னு. மீன் குடுத்தியா? பொரிச்சு ரெண்டு துண்டு வச்சா அப்பா சாப்பிடுவாருல்லா?" என் வாயிலிருந்து தானாக விழுந்துவிட்டது, எண்ணெய்தான் நான் தொடுகிறதில்லையே மக்ளே. போன் அறுந்துவிட்டதோ என்று ஆட்டிப் பார்த்தேன். "எப்ப இருந்தும்மா?" சொன்னேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போட்டிருக்கலாம், போடவில்லை. மெள்ளச் சொன்னாள், மழலைக்குச் சொல்கிற மாதிரி. "எம்மா, அந்த செல்லு தனக்கு வேண்டியதத் தானே செஞ்சுக்கிடும்னு அன்னைக்கே சொன்னேன்லா. ஊசி போட்டு அப்பா ஒடம்புல ஆம்பளச் சொரப்ப வத்த வச்சாலும், சேத்து வச்சிருக்க கொழுப்புல இருந்து அதயும் தானே காச்சிக்கிடப் பாக்கும், அவ்வளவு சமத்து. ஒன் சட்டில எண்ணெய் இல்லன்னா அது பட்டினி கெடக்காதும்மா. அப்பாதான் கெடப்பாரு." நேர்ச்சை மக்ளே என்றேன். "அத நீ மாதாகிட்டதான் பேசணும். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கோபித்துக்கொண்டு வைத்திருந்தால் நானும் கோபித்துக்கொண்டிருப்பேன், இரண்டு பேரும் தப்பித்திருப்போம்.

அதனால் பேசுகிறேன். பேசு பேசு என்கிறாள், நீ பதில் பேசினால்தானே. நான் இன்றைக்கு எண்ணெய் விட்டால் நாளைக்கு ரத்தம். நாளைக்குக் கணக்கு ஏறியிருந்தால் என்னால்தான் ஏறிற்று என்று நான் சாகும்வரை நினைப்பேன், யாரும் சொல்ல வேண்டாம், நானே நினைப்பேன். விடாவிட்டால் நாளைக்கு எடை. எடை இறங்கியிருந்தால் மாத்திரை இல்லை. ஒரு காலை எடுத்து வைத்தால் ஒரு முள், மற்றக் காலை வைத்தால் மற்றது, நின்ற இடத்திலேயே நிற்கலாம் என்றால் நேற்று மத்தியானத்திலிருந்து அவர் வாயில் தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும் தவிர ஒன்றும் போகவில்லை. போன வாரம் அவர் பேண்ட்டைக் கொடியில் காயப்போடும்போது பெல்ட்டைப் பார்த்தேன், கத்தியால் புதுசாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார், என்னிடம் சொல்லாமல். சொன்னால் நான் அழுவேன் என்று சொல்லவில்லை. நான் பார்த்துவிட்டதை அவரிடம் சொன்னால் அவர் அழுவார் என்று நான் சொல்லவில்லை. இப்படி இரண்டு பேரும் ஒரு வீட்டுக்குள் ஒளிந்து விளையாடுகிறோம், கதவைத் திறந்து பிடித்துவிட ஒருவருமில்லை, மூத்தவன் கப்பலில் இருக்கிறான், அவனிடம் அப்பா நன்றாக இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி எனக்கே சில நேரம் நம்பிக்கை வந்துவிடுகிறது. காலையில் போனை வைத்த கையோடு வாசலில் இன்பராணி மீன் கூடையை இறக்கினாள். "அக்கா, நெய்ச்சாளை வந்திருக்கு, பாருங்க எப்படிக் கொழுத்து மின்னுதுன்னு. வீட்ல தஸ்நேவிஸ் அண்ணனுக்கு உயிராச்சே. நீங்கதான் மீனே வாங்க மாட்டேங்கிய, சாமியாரம்மா ஆயிட்டிய போல." குழம்புக்கு என்றால் எண்ணெய் வேண்டும் ராணி, என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அவள் விடுவாளா. "இதுக்கு எதுக்குக்கா எண்ணெய்? வெறுஞ்சட்டில போடுங்க, அதுவே தன் நெய்ய விட்டுத் தானே பொரியும். அதான நெய்ச்சாளை." அவள் சொன்னதும் எனக்குப் பொறி தட்டிற்று. எண்ணெய் விழாது என்றுதானே நேர்ந்தேன். விழாது. நான் ஒரு சொட்டும் விடப்போவதில்லை. மீன் தன் எண்ணெயில் தானே பொரிந்தால் அதற்கு நான் என்ன செய்ய. உனக்கும் சத்தியம் தவறாது, அவருக்கும் பொரித்த மீன். வக்கீல் தோற்றுப்போகும் யோசனை. வாங்கிவிட்டேன். செதிலை உரசி, குடலை எடுத்து, கல்லுப்பு போட்டுக் கழுவி, மஞ்சளும் வத்தல் பொடியும் புரட்டி ஊற வைத்துவிட்டு ஜபமாலையை எடுத்தேன், மூன்றாவது மணியிலேயே கை நின்றுவிட்டது, விரலெல்லாம் மீன் வாடை, மாதாவைத் தொடுகிற கையா இது என்று திரும்பக் கழுவினேன், திரும்ப மணியை எடுத்தேன், திரும்ப நின்றுவிட்டது. ஏமாற்றுகிறவள் கையில் ஜபமாலை ஓடுமா.

சட்டி காய்ந்துவிட்டது. முதல் மீனை வைத்ததும் சீறிற்று, உடனே பிடித்துக்கொண்டது, கரண்டியால் நெம்பினால் தோல் சட்டியோடு நின்றது, சதை பிய்ந்து வந்தது. இரண்டாவதும் அப்படியே. சரிதான், மாதா பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். தீயைக் குறைத்துவிட்டு நின்றேன். குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது, மனசு கொஞ்சம் இறங்கிற்று. பார்க்கிறேன், சட்டியில் மீனைச் சுற்றி மினுமினு என்று ஒரு ஈரம். தண்ணீர் என்று நினைத்தேன். தண்ணீர் இல்லை. துளித்துளியாய் வயிற்றோரத்திலிருந்து கசிந்து, துளியும் துளியும் ஒட்டி, சட்டி நடுவில் ஒரு குளம், அந்தக் குளத்தில் கிடந்துகொண்டு மீன் கொதிக்கிறது, சத்தம் போடுகிறது, சிவக்கிறது. நான் விடவில்லை தாயே. ஒரு சொட்டு விடவில்லை. என் வீட்டில் எண்ணெய்ப் பாத்திரம் காய்ந்து கவிழ்ந்து கிடக்கிறது, என் சட்டியிலோ எண்ணெய் நிற்கிறது. காலையில் பெனிட்டா சொன்னது காதுக்குத்தான் வந்திருந்தது, இப்போதுதான் கண்ணுக்கு வந்தது. நான் யாரை இத்தனை நாள் பட்டினி போட்டேன். அந்தப் பொல்லாத செல்லு அவருக்குள் எங்கேயோ இருட்டில் உட்கார்ந்துகொண்டு, என் கையை எதிர்பார்க்காமல், என் நேர்ச்சையைக் கண்டுகொள்ளாமல், தனக்கு வேண்டியதைத் தானே செய்து தானே தின்று தோலைக் கெட்டியாக்கிக்கொண்டு இருந்திருக்கிறது, நான் வெளியே நின்று, உனக்குத் தரமாட்டேன் போ என்று அதனிடம் வீறாப்புக் காட்டியிருக்கிறேன். அதற்குக் கேட்கவே இல்லை. கேட்டது அவருக்கு. அவர் கன்னத்துக்கு, அவர் தோள் எலும்புக்கு, அவர் பெல்ட்டுக்கு. இல்லை, இல்லை, இப்படி நினைக்கக்கூடாது, முதலில் கணக்கு இறங்கிற்றே, அது பொய்யா. அது ஊசியாக இருக்கலாம். ஊசியை உண்டாக்கின மனுஷனுக்குப் புத்தி கொடுத்ததும் நீயாக இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் தட்டில் கை வைத்துவிட்டேனே என்றுதான் இருக்கிறது.

"யார் வீட்டுச் சாள வாடைட்டி இந்த இழு இழுக்கு?" என்று அவர் குரல். தலையைத் துவட்டிக்கொண்டே வந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், பனியனுக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. நம்ம வீட்டுதான் என்றேன். எட்டிப் பார்த்தார், சட்டியில் பிய்ந்து கிடந்த முதல் இரண்டையும் பார்த்தார். "எண்ணெய் விடாம மீன் பொரிக்கவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான். இந்தச் சாளைக்கு ரெண்டாந்தடவ உசுரு போயிருக்கு." நான் சிரிக்கவில்லை. சிரிக்கப் போனால் அழுகை வந்துவிடும். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே, "மாதாகிட்ட என்னத்த நேர்ந்து வச்சிருக்க?" என்றார். எனக்குக் கரண்டி கையிலிருந்து நழுவிவிட்டது. உங்களுக்கு யார் சொன்னா, பெனிட்டாவா என்றேன். "ஒருத்தர் வந்து சொல்லணுமாக்கும். ரேஷன்ல குடுக்கிற பாமாயில் பாக்கெட்ட மாசா மாசம் லூர்துகிட்ட குடுக்க. எங்கூட இருந்துட்டு எண்ணெய் எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாம இருக்குமா? எம் பொழப்பே அதானட்டி." அப்படியானால் ஏன் கேட்கவில்லை, ஏன் ஒரு வார்த்தை சத்தம் போடவில்லை, குழம்பைக் கேலி செய்தீர்களே, ஏண்டி இப்படிச் செய்கிறாய் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாமே என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டில் யாரோ முறுக்கு அச்சைத் தட்டுகிற சத்தம். "பயம்தாம்ட்டி," என்றார். "நிப்பாட்டச் சொல்லி, நீ நிப்பாட்டி, கணக்கு ஏறிருச்சுன்னா? அதான் நானும் வெளிய ஒண்ணும் தொடுறதில்ல. சூசை டீக்கடைல தெனமும் வட எடுன்னு கையப் பிடிச்சு இழுக்கான், ஒரு நாள் தொட்டதில்ல." மாதாவே, நான் இந்த மனுஷன் சட்டையை மோந்து பார்த்தேன். ஊசியையும் நம்பாமல் டாக்டரையும் நம்பாமல் என் மனசில் வந்த ஒரு வார்த்தையை நம்பி, அதுவும் நான் சொல்லாத வார்த்தையை நம்பி, கடற்கரை ரோட்டில் வடையைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார். கெட்டுப்போனது எங்கேயோ தின்று கொழுக்க, நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் சுத்தபோசனம் இருந்திருக்கிறோம். பெனிட்டா காலையில் சொன்னதை அப்படியே சொன்னேன், அது தானே செஞ்சுக்கிடுமாம், நாம கொடுக்காட்டியும் செஞ்சுக்கிடுமாம், எண்ணெயை நிறுத்தினதால் பட்டினி அதுக்கு இல்லையாம், உங்களுக்குத்தானாம். அவர் யோசித்தார். வேலையிலிருந்து வந்து தொட்டியில் ஏதோ கோளாறு என்றால் இப்படித்தான் தாடையைத் தடவிக்கொண்டு யோசிப்பார். பிறகு, "பசிக்குதுட்டி" என்றார். தலையைக் குனிந்துகொண்டு, கேட்கக்கூடாததைக் கேட்கிற மாதிரி. வைகாசியிலிருந்து இந்த வார்த்தையை நான் இந்த வீட்டில் கேட்கவில்லை.

இந்த மாத பாக்கெட் இன்னும் லூர்து வீட்டுக்குப் போகவில்லை, அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. எடுத்தேன். பனிக்கு உறைந்து அடியில் கொஞ்சம் வெள்ளையாய்ப் படிந்திருந்தது. கத்தியால் ஒரு ஓரத்தைக் கிள்ளினேன். கிள்ளினதை மறைக்கவில்லை, அவரும் பார்க்காத மாதிரி இல்லை, பக்கத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான். நீ படத்தில் எப்போதும்போலக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாய். மறைவாகச் செய்யவில்லை தாயே, மீன் தானாகப் பொரிந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் இல்லை, பார், உன் கண் முன்னால் என் கையாலேயே ஊற்றுகிறேன். நேர்ந்தவள் நான், உடைக்கிறவளும் நான், அவரை இதில் சேர்க்காதே. வேறு என்ன நேர்ச்சை வேண்டுமானாலும் நான் இருக்கிறேன், முழங்காலில் கோயிலைச் சுற்றி வருகிறேன், என் தட்டில் உப்புப் போடாமல் தின்கிறேன், என்னிடமிருந்து எதை எடுத்தாலும் எடுத்துக்கொள், இனி அவர் வாயிலிருந்து எதையும் எடுத்து உனக்குத் தரமாட்டேன். எண்ணெய் சட்டியில் பரவிற்று, வெள்ளையெல்லாம் வழியிலேயே கரைந்துவிட்டது. மீனை ஒவ்வொன்றாய் விட்டேன், ஒன்றும் ஒட்டவில்லை, திருப்பினால் முழுசாகத் திரும்பிற்று. அவர் தட்டை எடுத்துக்கொண்டு தானே போய் உட்கார்ந்துவிட்டார், "கருக விட்ராத, நீ பாட்டுக்கு மாதாகிட்ட பேசிக்கிட்டு நிக்காத" என்று அங்கிருந்து குரல் வருகிறது. பேசுகிறது தெரிகிறதா வெளியே, உதடு அசைகிறதா என்னவோ. சோற்றை வைத்துவிட்டேன். முழுசாக, நல்ல நிறமாக இருக்கிற ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டேன். தலையைக் கிள்ளி ஓரம் வைக்கிறார். விரலால் முதுகைப் பிரிக்கிறார். நான் இங்கிருந்தே பார்க்கிறேன், பக்கத்தில் போய் நின்றால் எனக்காகத் தின்பார், அப்படித் தின்பது எனக்கு வேண்டாம். பாதிக்கு மேல் இப்போதெல்லாம் இறங்குவதில்லை, போதும் என்று கையை உதறிவிடுவார். நாளைய ரத்தத்தைப் பற்றி நாளைக்குக் கேட்கிறேன், எடையைப் பற்றியும் நாளைக்கு. இன்றைக்கு உன்னிடம் கேட்பது சின்னது. அந்த மீனை அவர் தின்று முடித்து, முள்ளைத் தட்டோரத்தில் ஒதுக்கிவிட்டு, ஏட்டி, இன்னொண்ணு வையி என்று கேட்க வேண்டும். அதை மட்டும் கேட்க வை, அம்மா.